‘சரிங்க’ என்பது சம்மதமா?

மருத்துவமனையில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பலவும் இன்று நம் மக்களுக்குத் தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. டோக்கன், ஸ்கேன், டிரிப்ஸ், டிஸ்சார்ஜ் ஆகியவற்றுக்கு எவரும் பொருள் கேட்பதில்லை. மின்னாம்பள்ளியிலிருந்தும் காரிப்பட்டியிலிருந்தும் அயோத்தியாப்பட்டணத்திற்குப் பேருந்தில் வந்து இறங்கும் மூதாட்டிகூட, ‘சுகர் எவ்வளவு இருக்குதுங்க?’ என்றுதான் கேட்கிறார். ஆனால் இவற்றோடு சேர்ந்து வந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒலி வந்திருக்கிறது, பொருள் இன்னும் வந்து சேரவில்லை. அறுவை அரங்கிற்கு அழைத்துச் செல்லும் நேரத்தில் செவிலியர், ‘கன்சென்ட் ஆயிடுச்சா?’ என்று கேட்கிறார். ‘கையெழுத்துப் போட்டாச்சுங்க’ என்று உறவினர் விடை தருகிறார். கேட்கப்பட்டது மனத்தைப் பற்றியது. சொல்லப்பட்ட விடையோ தாளைப் பற்றியது.

அந்தத் தாள் எதற்காக என்று வெளியே காத்திருப்போரை வினவினால், பெரும்பாலோர் ஒரே விடையைச் சொல்வர்: ‘ஏதாச்சும் ஆயிட்டா ஆஸ்பத்திரி பொறுப்பில்லைன்னு எழுதி வாங்கிக்கிறாங்க.’ இது முற்றிலும் தவறான எண்ணம். படிவத்தில் கையெழுத்திட்டதால் மருத்துவரின் கவனக்குறைவை முன்கூட்டியே மன்னித்துவிட்டதாக எந்தச் சட்டமும் கொள்வதில்லை. வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்ட மருத்துவர், ‘இவர்தான் கையெழுத்துப் போட்டாரே’ என்று நீதிமன்றத்தில் சொல்லித் தப்பிக்க இயலாது. அந்தத் தாளின் வேலை வேறு. ஒருவருடைய உடலில் கத்தி வைப்பது, அவர் இசைந்திராவிட்டால், காயப்படுத்துதலே ஆகும். மருத்துவரின் திறமையும் நல்லெண்ணமும் மட்டும் அதை மருத்துவமாக மாற்றிவிடுவதில்லை. உடலுக்கு உரியவர், ‘இன்னது செய்யப் போகிறீர்கள் என்று அறிந்தேன், செய்யுங்கள்’ என்று சொன்ன பிறகே அது மருத்துவம் ஆகிறது. மருத்துவமனையில் மற்ற எல்லா இடங்களிலும் மருத்துவர் சொல்ல, நோயாளி கேட்கிறார். இந்த ஓர் இடத்தில் மட்டும் மருத்துவர் கேட்க, நோயாளி தருகிறார். அந்த இடத்தை நாம் ஒரு கையெழுத்துச் சடங்காகச் சுருக்கிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

இதற்குத் தமிழில் ஒரே சொல் நிலைபெறாததும் ஒரு காரணம். ஒரு மருத்துவமனையின் படிவத்தில் ‘ஒப்புதல் படிவம்’ என்றிருக்கும், இன்னொன்றில் ‘சம்மதக் கடிதம்’, வேறொன்றில் ‘அனுமதி’, அரிதாகச் சிலர் ‘இசைவு’ என்று அச்சிடுவர். எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். சற்று நின்று பார்த்தால் அவ்வாறில்லை.

அனுமதி என்பது மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு வழங்குவது. ‘அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது’ என்று அலுவலக வாயிலில் எழுதியிருக்கும். மருத்துவமனையிலோ இச்சொல் ஏற்கெனவே வேறு வேலையில் அமர்ந்துவிட்டது. ஒருவர் படுக்கையில் சேர்க்கப்பட்டால் நாளிதழ்கள் ‘மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்’ என்று எழுதுகின்றன. அது மருத்துவமனை நோயாளிக்குத் தரும் அனுமதி. அடுத்ததாக, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கொண்டு வந்தவர்கள் காத்திருக்கும் அனுமதி ஒன்று உண்டு. ‘அப்ரூவல் வந்துடுச்சுங்களா?’ என்று நாளுக்கு நான்கு முறை கேட்பார்கள். அது காப்பீட்டுத் தரப்பு தருவது. இவ்விரண்டு அனுமதிகளுக்காகவும் பதைபதைப்போடு காத்திருந்து பழகிய குடும்பத்திடம் மூன்றாவதாக ஒரு தாளை நீட்டி, ‘இது நீங்கள் எங்களுக்குத் தரும் அனுமதி’ என்றால், அவர்கள் அதை எப்படி நம்புவார்கள்? மூன்றாவது கதவும் யாரோ திறந்துவிட வேண்டிய கதவு என்றே எண்ணுவார்கள்.

ஒப்புதல் என்னும் சொல் ‘ஒப்பு’ என்பதிலிருந்து வருவது. இணையாதல், பொருந்துதல் என்னும் நல்ல பொருள் அதற்கு உண்டு. ஆனால் காவல் நிலையமும் நீதிமன்றமும் அதை வெகுகாலமாகக் கையாண்டு வருகின்றன. ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்பது குற்றவாளி தருவது. ‘ஒப்புக்கொண்டான்’ என்றாலே நம் செவியில் ஏதோ தவறு ஒலிக்கிறது. சம்மதம் என்பதோ திருமண வீட்டுச் சொல். ‘பொண்ணுக்குச் சம்மதந்தானே?’ என்று கேட்பது நம் வழக்கம். அவ்வாறு கேட்கும்போது பந்தல்காரருக்கு முன்பணம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதும் நம் வழக்கம். பெண் தலை கவிழ்ந்து நின்றால் ‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்று பெரியவர் ஒருவர் முடித்துவைப்பார். திருமண வீட்டில் அது சரியா என்பதை வேறோர் இடத்தில் பேசலாம். மருத்துவமனையில் அந்தப் பழமொழிக்கு இடமே இல்லை. இங்கு மௌனம் பெரும்பாலும் அச்சத்திற்கு அறிகுறி.

எனக்கு உவந்த சொல் இசைவு. இரண்டு ஒலிகள் ஒன்றோடொன்று பொருந்துவது இசைதல். ஆங்கிலச் சொல்லின் வேரும் அதற்கு அண்மையிலேயே இருக்கிறது: இலத்தீனில் அதன் முதற்பாதிக்கு ‘உடன்’ என்றும், பிற்பாதிக்கு ‘உணர்தல்’ என்றும் பொருள். இருவரும் சேர்ந்து ஒன்றை உணர்வதே கன்சென்ட். ஒருவர் மட்டும் உணர்ந்து மற்றவர் கையெழுத்திடுவது அன்று.

நம் பகுதியில் இந்த ஆங்கிலச் சொல்லை மருத்துவமனைக்கு வெளியே நன்கு அறிந்தவர்களும் இருக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் சேகோ ஆலை உரிமையாளர்களுக்குக் கன்சென்ட் என்றால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படியும் 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின்படியும் அது இல்லாமல் ஆலையை ஓட்டலாகாது. அந்த ஆணையை எடுத்துப் பாருங்கள்: எந்தப் பொருள், எவ்வளவு அளவு, எந்தெந்த நிபந்தனைகள், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். உற்பத்தியைக் கூட்ட வேண்டுமானால் பழைய ஆணை போதாது. புதிதாகப் பெற வேண்டும். ‘ஆலைக்குத்தான் ஏற்கெனவே கன்சென்ட் இருக்கிறதே’ என்று சொன்னால் வாரியம் ஏற்காது. இவ்வளவும் அறிந்த அதே உரிமையாளர், மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போது மட்டும் எதற்கு, எவ்வளவுக்கு, எதுவரை என்று ஒரு சொல்லும் கேட்காமல் கையெழுத்திடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டினது. அதன் 13ஆம் பிரிவு இச்சொல்லுக்கு மிகச் சுருக்கமாக இலக்கணம் கூறுகிறது. ஒரே பொருளைக் குறித்து, ஒரே அர்த்தத்தில் இருவரும் உடன்பட்டால்தான் அது இசைவு என்பது அதன் கருத்து. நிலம் வாங்குவதற்கும் நெல் விற்பதற்கும் எழுதப்பட்ட சட்டம்தான். எனினும் மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

‘ஆஞ்சியோ’ என்னும் சொல்லைக்கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம். இதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று, மெல்லிய குழாய் வழியே சாயம் செலுத்திப் படமெடுத்துப் பார்ப்பது ஆஞ்சியோகிராம். அது ஒரு பரிசோதனை. அடைப்பைப் பலூன் கொண்டு விரித்து, ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயைப் பொருத்துவது ஆஞ்சியோபிளாஸ்டி. அது சிகிச்சை. அதற்குப் பின் நெடுநாள் மருந்து உட்கொள்ள வேண்டும், செலவும் பன்மடங்கு. நம் மக்கள் இரண்டையும் ‘ஆஞ்சியோ’ என்றே சொல்கின்றனர். ‘ஆஞ்சியோ பண்ணணும்’ என்று மருத்துவர் சொல்லும்போது அவர் மனத்தில் ஒன்றும், கேட்பவர் மனத்தில் மற்றொன்றும் இருக்க வாய்ப்புண்டு. பரிசோதனையின் நடுவே அடைப்பைக் கண்ட மருத்துவக் குழுவினர் வெளியே வந்து, ‘இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?’ என்று மகனைக் கேட்பதுண்டு. மாரடைப்பு வந்து துடிக்கும் நிலையில் கொண்டுவரப்பட்டவருக்கு உடனே அதைச் செய்வதே சரி. காத்திருந்தால் இதயத்தசை அழியும். ஆனால் நெஞ்சுவலி ஓரளவு அடங்கி, நாள் குறித்து, நடந்து வந்து பரிசோதனைக்குப் படுத்தவர் பெரும்பாலும் விழித்திருக்கிறார். தொடையிலோ மணிக்கட்டிலோ மட்டுமே மரத்துப் போகும் ஊசி போட்டிருக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் மகனிடம் கேட்கிறார்கள். அந்தப் பக்கம், கேட்டால் விடை சொல்லக்கூடிய நிலையில், இதயத்திற்கு உரியவர் படுத்திருக்கிறார்.

இனி நம் ‘சரிங்க’வுக்கு வருகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் பேசப்படும் தமிழின் அழகு அந்த ‘ங்க’வில் இருக்கிறது. வயதில் இளையவரையும் மரியாதையோடு விளிக்கும் மொழி இது. ஆனால் ‘சரிங்க’ என்பதற்கு இங்கே குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பது ஒன்று; உங்களை எதிர்த்துப் பேசமாட்டேன் என்பது இன்னொன்று; எனக்கு உடன்பாடு என்பது மூன்றாவது. சந்தையில் விலை பேசும்போது வியாபாரி இம்மூன்றையும் பிரித்தறிவார். முதல் ‘சரிங்க’வுக்குத் தராசைத் தூக்கமாட்டார். மருத்துவரோ வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் நிலையில் முதல் ‘சரிங்க’வையே மூன்றாவதாக எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குச் செல்கிறார். ‘எங்களுக்கு என்னங்க தெரியும், நீங்க பாத்துச் செய்யுங்க’ என்னும் தொடரும் அவ்வாறே. அது நம்பிக்கை, அந்த நம்பிக்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எதை நம்பி எதற்கு உடன்படுகிறார் என்பது அதில் இல்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு சான்று. நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் எழுதிய அத்தீர்ப்பு, இந்திய மருத்துவமனைகளில் இசைவு என்றால் என்ன என்பதற்கு இன்றளவும் அடித்தளமாக இருக்கிறது. வழக்கின் செய்தி இது. டெல்லியில் 44 வயதான, மணமாகாத பெண் ஒருவர் ஒன்பது நாள் நீடித்த மாதவிடாய் இரத்தப்போக்கிற்காக 1995 மே மாதம் ஒரு மருத்துவரிடம் சென்றார். மறுநாள் லேப்பராஸ்கோப்பி என்னும் உட்காட்டுக் கருவியால் வயிற்றைப் பரிசோதிப்பதாக முடிவாயிற்று. படிவத்தில் அப்பெண்ணே கையெழுத்திட்டார். பரிசோதனைக்கும், கருவி வழியே செய்யும் சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கும் அது இசைவளித்தது. முழு மயக்கத்தில் அவர் இருந்தபோது, மருத்துவரின் உதவியாளர் அரங்கிலிருந்து வெளியே வந்து, காத்திருந்த வயதான தாயிடம் கையெழுத்துப் பெற்றார். கருப்பையும் சினைப்பைகளும் கருக்குழாய்களும் அகற்றப்பட்டன. கண்விழித்த பின்னரே அப்பெண் அதை அறிந்தார்.

மருத்துவர் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களை அலட்சியப்படுத்த முடியாது. நோய் முற்றியிருந்தது, அகற்றுவதே நலம், இன்னொரு முறை மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறக்கும் துன்பம் மிச்சம், தாயும் இசைந்தார் என்றனர். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003இல் அப்பெண்ணின் புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாறு பார்க்கவில்லை. நோயை அறிந்ததிலோ அறுவையின் திறத்திலோ பிழையில்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்த உடலுக்கு உரியவர் இசையவில்லை என்றது. அவர் நினைவு திரும்பியிருப்பார், உயிர் போகும் அவசரம் எதுவும் இல்லை, கேட்டிருக்கலாம். பரிசோதனைக்குத் தந்த இசைவு சிகிச்சைக்குத் தந்த இசைவாகாது. சுய நினைவுள்ள, வயது வந்த ஒருவர் சற்று நேரம் மயக்கத்தில் இருப்பதாலேயே அவருக்காகத் தாய் கையெழுத்திட்டால் அது செல்லாது. மருத்துவர் தம் கட்டணத்தைக் கோர முடியாது என்றும், 25,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. தொகை சிறிதே. பெண் கேட்டது 25 லட்சம்.

இத்தீர்ப்பில் நம்மைப் போன்றோர் கவனிக்க வேண்டிய பகுதி இன்னொன்று. எந்த நாட்டு அளவுகோலைக் கொள்வது என்று நீதிமன்றம் ஆராய்ந்தது. அமெரிக்காவில் 1972இல் பிறந்த கோட்பாட்டின்படி, நோயாளி முடிவெடுக்கத் தேவையான ஒவ்வோர் அபாயத்தையும் மருத்துவர் எடுத்துரைக்க வேண்டும். நம் நாட்டின் வறுமை, மருத்துவச் செலவு, நெரிசல் ஆகியவற்றைக் கருதி, அவ்வளவு கடுமையான அளவு இங்கே வேண்டாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. தொலைதூர அபாயங்களையெல்லாம் அடுக்கி நோயாளியை ஓடவைக்கத் தேவையில்லை. ஆனால் என்ன செய்யப் போகிறோம், எதற்காக, என்ன பலன் கிடைக்கும், வேறு வழி உண்டா, குறிப்பிடத்தக்க அபாயங்கள் எவை, மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதனினும் குறைத்தால் அது இசைவே அன்று. ஏழை நாட்டுக்கென்று குறைத்து வைக்கப்பட்ட அளவு இது. அதையும் எட்டாத இடங்கள் இன்னும் உள்ளன.

உறவினரின் கையெழுத்தைத் தேடும் பழக்கம் மருத்துவர்களின் சோம்பலால் மட்டும் வந்ததன்று. விதிகளுக்கும் அதில் பங்குண்டு. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில், அறுவைக்கு முன் எழுத்து மூலம் இசைவு பெறவேண்டிய பட்டியலில் கணவன் அல்லது மனைவி முதலில் வருகிறார். சிறாருக்குப் பெற்றோரும் பாதுகாவலரும் அடுத்து வருகின்றனர். நோயாளி கடைசியாக வருகிறார். மகப்பேற்றுத் திறன் அற்றுப்போகும் அறுவையானால் கணவன், மனைவி இருவரின் இசைவும் வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. மாறாக, 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிறைந்த, மனத்தெளிவுள்ள பெண்ணின் இசைவு மட்டும் போதும் என்கிறது. கணவன் கையெழுத்து அதில் கேட்கப்படவே இல்லை. ஆயினும் இன்றும் ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க’ என்று பெண்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கணவர் லாரியில் வடநாட்டுக்குச் சென்றிருப்பார். திரும்பப் பத்து நாள் ஆகும். இப்படிப்பட்ட தாமதத்தில் ஒரு வாரம்கூடப் பெரிது.

இனிச் சொல்லப்போவது குடும்பத்தாருக்குக் கசக்கலாம். புற்றுநோய் என்று தெரிந்தவுடன் மகனோ மருமகளோ மருத்துவரின் அறைக்குத் தனியே வந்து, ‘அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க’ என்று வேண்டுவது நாள்தோறும் நடக்கிறது. ‘சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்’ என்று நோயாளியிடம் சொல்லப்படுகிறது. அன்பினால் சொல்லப்படும் பொய்தான். ஆனால் அந்தத் தாயார் எதற்கு இசைந்து மார்பகத்தை இழக்கிறார்? சின்னக் கட்டிக்காகவா? முடி கொட்டும்போது, வாந்தி நிற்காதபோது, சின்னக் கட்டிக்கு ஏன் இவ்வளவு என்று அவர் நினைக்கமாட்டாரா? பெரும்பாலோர் எப்படியும் அறிந்துகொள்கிறார்கள்: பக்கத்துக் கட்டிலாரிடமிருந்து, மருந்துச் சீட்டிலிருந்து, வார்டின் பெயர்ப் பலகையிலிருந்து. அறிந்த பின்னும் பிள்ளைகள் வருந்துவார்களே என்று அறியாதவர்போல நடிக்கிறார்கள். ஒரே வீட்டில் இருதரப்பும் ஒருவரையொருவர் காக்க நடித்து, இருவரும் தனியே அழுகிறார்கள். உயில் எழுத வேண்டியிருக்கலாம்; பார்க்க விரும்பும் தங்கை ஆத்தூரில் இருக்கலாம்; ‘ஊசி வேண்டாம், வீட்டில் இருக்கிறேன்’ என்று சொல்லவும் விரும்பலாம். அவை எல்லாவற்றையும் அந்தப் பொய் எடுத்துக்கொண்டுவிடுகிறது. எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று நோயாளியையே முதலில் கேட்கலாம். ‘எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், பையன்கிட்ட பேசிக்கோங்க’ என்று அவரே சொன்னால் அதுவும் அவருடைய முடிவே. அதை மதிக்க வேண்டும். அவருக்காக வேறொருவர் அதை முடிவு செய்வதைத்தான் நான் ஏற்கவில்லை.

குடும்பத்தின் சொல்லே சொல்லாக நிற்கும் இடங்களும் உண்டு. 18 வயது நிறையாத பிள்ளைக்குப் பெற்றோர்தான் இசைவு தர வேண்டும். பத்து வயதுக் குழந்தையானாலும் அதனிடம் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு ஊசி போடுவது நல்லது என்பது வேறு. நெடுஞ்சாலை விபத்தில் நினைவிழந்து கொண்டுவரப்படுபவருக்கு எவர் கையெழுத்தும் தேவையில்லை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவும், இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவும், இசைவு பெற வழியற்ற நேரத்தில் நல்லெண்ணத்தோடு உயிர்காக்கச் செய்வதைக் குற்றமாகக் கருதுவதில்லை. விபத்தில் அடிபட்டவருக்குச் சிகிச்சை அளிப்பதே முதற்கடமை, காவல்துறைச் சடங்குகள் பிறகு என்று 1989இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. உறவினர் வந்து கையெழுத்திடும்வரை காத்திருந்தார்கள் என்று எவராவது சொன்னால், அதற்குச் சட்டம் காரணமன்று.

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைக் கொடையளிக்கும் முடிவும் குடும்பத்தாருடையதே. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை வழங்க இசைந்தனர். தமிழ்நாட்டில் உறுப்புக் கொடை மக்களிடையே பேசப்படலாயிற்று. அவ்வாறு கொடையளிப்போரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பெற்றோர் மருத்துவர்கள் என்பதால் மூளைச்சாவு என்றால் என்ன என்று அறிந்தே இசைந்தார்கள். மற்ற குடும்பங்களுக்கு அதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் உடனே கையெழுத்துக் கேட்பது முறையன்று.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று மருத்துவ நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிது. அறுவைக்கு முந்தைய மாலையில் பத்து நிமிடம் அதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகு நீட்டப்படும் தாளுக்கு மதிப்பில்லை. அச்சத்தினாலோ தவறாகப் புரிந்துகொண்டோ தரப்படும் இசைவு இசைவாகாது என்று தண்டனைச் சட்டமே சொல்கிறது. பழைய சட்டத்தில் 90ஆம் பிரிவு, புதியதில் 28. ஒருமுறை கையெழுத்திட்டவர் மயக்க ஊசி போடும்வரை மனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் அந்த மாலையிலேயே சொல்லிவிடலாம். ‘கையெழுத்துப் போட்டுட்டேன், இனி வேண்டாம்னா திட்டுவாங்களோ’ என்று கலங்குவோர் பலர்.

நம் மருத்துவமனையின் படிவத்தில் நான் விரும்பும் மாற்றங்கள் சிலவே. தலைப்பில் ‘இசைவு’ என்றிருக்கட்டும். ஆங்கிலப் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் தமிழ் வேண்டாம், தமிழே முதற்பக்கமாகட்டும். உறவினர் கையெழுத்திடும் இடம் நோயாளியின் இடத்திற்குக் கீழே, ‘சாட்சி’ என்ற பெயரில் இருக்கட்டும். நோயாளி கைநாட்டு வைப்பவரானால், படித்துக் காட்டியவர் ஒருவராகவும், சாட்சி மருத்துவமனையில் பணிபுரியாத வேறொருவராகவும் இருக்கட்டும். நடுவே இரண்டு வரிகள் வெற்றிடமாக விடப்படட்டும். நாளை தமக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று நோயாளி தம் வாயால் சொல்ல, அதை ஒரு சொல்லும் மாற்றாமல் அங்கே எழுத வேண்டும். ‘தொடையில ஒரு கொழாய் விட்டு நெஞ்சைப் படம் புடிக்கிறாங்க, அடைப்பு இருந்தா எங்கிட்ட கேட்டுட்டுத்தான் கம்பி வெப்பாங்க’ என்று எழுதப்பட்டிருந்தால் போதும். அதன் கீழ் மருத்துவர் கையெழுத்திடலாம். அந்த இரண்டு வரிகள் வெறுமையாக இருந்தால், தள்ளுவண்டி வார்டிலேயே நிற்கட்டும்.